முதல் பக்கத்துப் பேர்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா பிரம்பால் விரல் முட்டியில் போட்டுப் போட்டுக் கொண்டுவந்த அழகு அது. அந்தக் கையெழுத்தால் ஒரு மனிதருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. இன்னொருவனுக்கு உயிரே போயிற்று. இதை யாரிடம் சொன்னாலும், "விடும்மே, அது ஸ்டிரைக்கு காலம், நீ இன்னா பண்ணுவ?" என்கிறார்கள். நான் என்ன பண்ணினேன் என்று எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இதைப் படிக்கட்டும்.

எங்கள் பழைய புத்தகக் கடை ராயபுரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. அதற்கு முன்னால் அது உப்புக் கிடங்கு. மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும், கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பிக்கொள்ளும். எண்ணெய்க் கம்பெனியில் இரண்டிரண்டு டின்னாக வைத்து அனுப்புகிற மரப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அலமாரி ஆக்கியிருந்தோம். அதனால் எங்கள் கடைப் புத்தகம் எதைத் திறந்தாலும் முதலில் மண்ணெண்ணெய் வாசனைதான் வரும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. பகலில் கடை என் பொறுப்பு. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். முடியாதவர்கள் எடுத்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாம். வீட்டில் சும்மா கிடக்கிற புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அது அடுத்த ஆளுக்குப் போகும். இவ்வளவுதான் கடை.

ஆனால் சும்மா கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? ஆரம்பத்தில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. "கோயில்ல படிக்கல்லு போட்டவன் பேரை வெட்டுறாங்க. சர்ச்சுல பெஞ்சி குடுத்தவன் பேரை எழுதுறாங்க. நம்பளும் எழுதுவோம்" என்றார். கொடுத்தவரின் பேர், தெரு, வீட்டு இலக்கம் மூன்றையும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நான் எழுதினேன். அப்புறம் பார்க்க வேண்டுமே, அள்ளிக்கொண்டு வந்தார்கள். காசிமேட்டு மீன்காரம்மா ஒருத்தி, எழுத்தே தெரியாதவள், கப்பல் எந்திரத்தைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவைத்தவள் மை காய்கிறவரைக்கும் நகரவில்லை. "இன்னும் பெர்சா எழுதும்மே" என்று வேறு. அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை ஒரு பிராணியும் தொடவில்லை.

எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளின்மேல் பேர் இருந்தால், பொருள் அந்தப் பேர்க்காரனுடையது. குடத்தில் பேர் வெட்டியிருக்கும், சொம்பில் வெட்டியிருக்கும். குழாயடியில் குடம் மாறிப்போய் மயிரைப் பிடித்துக்கொண்டு சண்டை வந்தால் பேரைப் பார்த்துத்தான் தீர்ப்பு. திருட்டுச் சொம்பு பிடிபட்டாலும் அப்படித்தான். புத்தகத்தில் இருப்பது கொடுத்தவர் பேர் என்பது கடைக்கு வந்து பழகியவர்களுக்குத் தெரியும். கடைக்கு வந்து பழகியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்குக் கள்ளுக்கடை இருந்தது.

எனக்கு வாயும் நீளம், கையும் நீளம். மேசைமேல் ஒரு ரூல்தடி எப்போதும் கிடக்கும், கோடு போடுவதற்கு மட்டுமல்ல. படம் போட்ட பக்கத்தைக் கிழித்து மடியில் செருகிய தடியன் ஒருவனை அதனால் மணிக்கட்டில் போட்ட போட்டில் அவன் ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டான். எங்கள் தெருவில் இது பெரிய காரியமே இல்லை. சம்பள நாளில் இரண்டு மண்டையாவது உடையும். துறைமுகத்தில் மூட்டை இழுக்கிற கொக்கியால் குத்திக்கொள்வார்கள். புருஷன் அடிக்கிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் உலை வைப்பதை நிறுத்தமாட்டார்கள். நான் பெரிய ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. அடி விழுந்தால் திருப்பி அடி என்பதுதான் எனக்கும் தெரிந்த நியாயம்.

அடுத்த தெருவில் கடுக்கன்காரன் என்று ஒருவன் இருந்தான். ஒற்றைக் காதில் கடுக்கன் போட்டிருப்பான், எண்ணெய்க் கம்பெனியில் பெட்டி தூக்குகிறவன், ஆள் வாட்டசாட்டம். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவன் பெண்டாட்டி மட்டும் எங்கள் கடையே கதி என்று கிடப்பாள். ஒருநாள் உதடு வீங்கி வந்தாள்.

"இன்னாடி இது?" என்றேன்.

"எப்பவும் போலத்தான்க்கா. நேத்து கதை தீந்துபோச்சு."

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். அவன் சாப்பிட உட்காரும்போது இவள் படித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால், அடிக்க மறந்துவிடுவானாம். கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு "அப்பால? அப்பால இன்னாச்சு?" என்று குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருப்பானாம். "பெர்சா கீற கதையா பாத்துக் குடுக்கா. சீக்கிரம் முடிஞ்சா எனக்குத்தான் பேஜாரு" என்று சிரித்தாள். சிரித்ததும் உதடு பிளந்து ரத்தம் வந்தது. கடையில் இருந்ததிலேயே தடிமனான கதைப்புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன், நாலு விரல் கனம். அது ஒரு போலீஸ் ஏட்டு மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. பேருக்கு முன்னால் 'ஏட்டு' என்று போட்டே ஆகவேண்டும் என்று அந்த மனிதர் நின்று எழுதவைத்துக்கொண்டு போயிருந்தார்.

அந்த வருஷம்தான் எண்ணெய்க் கம்பெனியில் ஸ்டிரைக்கு வந்தது. முதல் வாரம் கொடியும் கோஷமுமாகப் போயிற்று. இரண்டாவது வாரம் கம்பெனி வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றி, முன்னும் பின்னும் போலீசோடு உள்ளே கொண்டுபோனது. கல் பறந்தது, தடி இறங்கியது. எங்கள் சந்து முனையில் போலீஸ் அடித்த ஒருவன், காதிலிருந்து ரத்தம் வழிய, என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தான். இன்னொரு நாள் தண்டையார்பேட்டைத் தோப்பில் பத்துப் பேர் ரகசியமாகக் கூடியிருந்த இடத்துக்குப் போலீஸ் நேராக வந்து அத்தனை பேரையும் சாத்தியது. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறான் என்று அன்றிலிருந்து எல்லோரும் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிற உள்ளூர்க் கருங்காலி ஒருவனைப் பிடித்து முன்பல்லை உடைத்துக் கால்வாயில் தள்ளினார்கள். அடுத்தவன் கிடைத்தால் உயிரோடு விடமாட்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இந்தக் கூட்டத்துக்குக் கடுக்கன்காரன்தான் முன்னால் நின்றான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம், டின்னுக்கு மூடி வைக்கிற ஆள் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் பிள்ளைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். "வைத்தியரு கைல காட்ட வழியில்லக்கா. பொஸ்தகத்துல எதுனா கீதா பாரேன்" என்று கண் கலங்க நின்றான். குழந்தை வைத்தியப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தவர் பின்தெருவில் இருந்த பற்றாசுக்காரர். கம்பெனியில் ஈயம் உருக்கி டின்னுக்குப் பற்றாசு வைத்து மூட்டுகிற நல்ல வேலைக்காரர், ஸ்டிரைக்கில் ஒருநாளும் பின்வாங்காதவர். அவருடைய ஒரே பிள்ளை அம்மையில் போன பிறகு, "இனிமே எனக்கு எதுக்கும்மா" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்து அந்த அப்பனிடம் கொடுத்தேன். அவன் திருட்டுத்தனமாகக் கம்பெனிக்குள் வேலைக்குப் போகிறவன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ரூல்தடியால் நானே நாலு போட்டிருப்பேன். புத்தகத்தையும் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கம்பெனிச் சுவருக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் காவல் இருந்தவர்கள் ஒருவன் உள்ளே நுழையப் போவதைப் பார்த்துத் துரத்தினார்கள். அவன் தலையில் துண்டைச் சுற்றி முகத்தை மறைத்திருந்தான். பையை வீசிவிட்டு எதிர்ச் சுவரேறிக் குதித்து ஊருக்குள் ஓடிவிட்டான். பையில் கூழ்ச் சட்டியும் இரண்டு வெங்காயமும் குழந்தை வைத்தியப் புத்தகமும் இருந்தன. படிக்கத் தெரிந்தவன் ஒருவன் முதல் பக்கத்தைப் படித்தான். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

சத்தம் கேட்டு ரூல்தடியோடு பின்தெருவுக்கு ஓடினேன். முப்பது பேருக்குக் குறையாது, பாதிப்பேர் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்கள், எனக்கு முகம் தெரியாதவர்கள். பற்றாசுக்காரரை வீட்டுக்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்து வந்து குழாயடியில் போட்டிருந்தார்கள். வேட்டி அவிழ்ந்து கிடந்தது. வாய் கிழிந்து தொங்கியது. அவர் மனைவி ஒருவன் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவன் உதறினான், போய்ச் சுவரில் மோதினாள். கடுக்கன்காரன் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பேரு கீது, தெரு கீது, வூட்டு நம்பரு கீது! இதுக்குமேல இன்னாடா சாட்சி ஓணும்?"

சிவப்பு மை. என் கையெழுத்து.

"அடப்பாவிங்களா, நிறுத்துங்கடா! அது குடுத்தவரு பேருடா! நான் எழுதுனது!" என்று கூட்டத்துக்குள் புகுந்தேன். ஒருவன் என் மார்பில் கையை வைத்துத் தள்ளினான். அவன் முழங்கையில் ரூல்தடியால் போட்டேன். அவன் அலறியதில் ஒரு நிமிஷம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கடுக்கன்காரன் என்னைப் பார்த்தான். "சரிம்மே, குடுத்தவன் இவன். அப்போ வாங்கினு போனவன் யாரு? அவன் பேரைச் சொல்லு, இவனை வுட்டுர்றோம்."

நான் வாயைத் திறந்தேன். அந்த அப்பனின் பேர் நாக்கு நுனியில் இருந்தது. பல்லை உடைத்துக் கால்வாயில் தள்ளப்பட்டவனின் வாய் ஞாபகம் வந்தது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பாத்தியா, பொய்யி!" என்றான் ஒருவன். "உள்ளே போயி டின்னுக்குப் பத்தாசு வெச்ச கை எதுடா? இதானே?" என்று பற்றாசுக்காரரின் வலது கையைக் குழாயடிக் கல்லில் வைத்து மிதித்தார்கள். இன்னொருவன் துணி துவைக்கிற கட்டையை எடுத்தான். முதல் அடியில் அவர் கத்தினார். அவர் என்னைப் பார்த்துத்தான் கத்தினார், "சொல்லும்மா, யாருன்னு சொல்லித்தொலை!" என்று. நான் சொல்லவில்லை. இரண்டாவது அடி விழுந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரிதான் இருந்தது. விரல்கள் போகக்கூடாத பக்கம் போயிருந்தன. கட்டை மூன்றாவது தடவை மேலே போனது.

அப்போதுதான் சொன்னேன். தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன்.

"இன்னாடா பெரிய நாட்டாமை பண்றே? பொஸ்தகத்துல பேரு இருந்தா கருங்காலியா? உன் வூட்டுல ஒரு பொஸ்தகம் கீதே, உன் பொண்டாட்டி வாங்கினு போனது, அதுல யாரு பேரு கீது தெரியுமா? போலீஸ் ஏட்டு பேரு கீதுடா! போய்ப் பாரு! அப்போ நீ யாரு? போலீஸ் ஆளா?"

அவனுடைய முட்டாள்தனத்தை அவனுக்கே காட்டத்தான் அப்படிச் சொன்னேன் என்று போலீசிடம் சொன்னேன், என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், சர்ச்சுப் பாதிரி ஐயரிடமும் சொன்னேன். பொய். தோப்பில் அடி வாங்கியவர்கள் காட்டிக்கொடுத்தவனைத் தேடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். 'ஏட்டு' என்கிற வார்த்தை அந்தக் கூட்டத்தில் என்ன செய்யும் என்று வாயைத் திறக்கும்போதே தெரியும். அந்தக் கட்டை கீழே வரக்கூடாது. அது மட்டும்தான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. வேறு யார்மேல் வந்தாலும் சரி என்றுதான் சொன்னேன்.

கடுக்கன்காரன் முதலில் சிரித்தான். "அது கதைப் பொஸ்தகம்டா, சாப்புடும்போது சொல்லுவா..." என்றான். வேறு யாரும் சிரிக்கவில்லை. தலையில் கட்டுப் போட்டிருந்த திருவொற்றியூர்க்காரன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "இன்னா மாமு, ஏட்டு பேரு போட்ட பொஸ்தகம் உன் வூட்டுல கீதா?"

"கீது. அதுக்கு இன்னா இப்போ?"

"அன்னிக்கித் தோப்புல நீ மட்டும் அடி வாங்கலியே."

"நான் அன்னிக்கி ஒதுங்கப் போயிருந்தேண்டா..."

கட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான், மிதித்திருந்தவன் பற்றாசுக்காரரின் கைமேலிருந்து காலை எடுத்தான். கூட்டம் கடுக்கன்காரனை நெட்டித் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிற்று. நான் குழாயடியில் உட்கார்ந்து முந்தானையைக் கிழித்து அந்தக் கையில் சுற்றினேன். சுற்றச் சுற்ற நனைந்தது. அடுத்த தெருவில் கதவு உடைகிற சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் யாரோ உரக்கப் படித்தார்கள், என் காதில் தெளிவாக விழுந்தது. ஏட்டு, பேர், தெரு, இலக்கம். படித்து முடிந்ததும் அடிக்கிற சத்தம் ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. அவன் பெண்டாட்டியின் குரல், "பொஸ்தகக் கடையில குடுத்ததுங்கய்யா, எல்லாத்துலயும் பேரு இருக்குங்கய்யா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சமயத்துக்கு மேல் அதுவும் கேட்கவில்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். ரூல்தடி பக்கத்தில்தான் கிடந்தது. பற்றாசுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது ஒரு சாக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து கடுக்கன்காரன் செத்தான். பற்றாசுக்காரருக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் அப்புறம் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் காறித் துப்புவார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த அப்பன் பெண்டாட்டி பிள்ளையோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பிள்ளை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஸ்டிரைக்கு தோற்றது. தோப்புக் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

"நீ வாயைத் திறக்கலேன்னா பத்தாசுக்காரரு செத்திருப்பாரு" என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்ன அன்று, சிவப்பு மைக்கூட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். உப்புச் சுவரில் அந்தக் கறை போகவே இல்லை. கடைக்கு வருகிற பெண்கள் நின்றுபோனார்கள். எங்களிடமிருந்து எடுத்துப்போன புத்தகங்களைப் பலர் வாசலில் வீசிவிட்டுப் போனார்கள், முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு. குப்பையாகக் கிடந்தவற்றை நான்தான் பொறுக்கி உள்ளே வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மத்தியானம், கடுக்கன்காரன் பெண்டாட்டி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. முகத்தில் பாதி இன்னும் நீலமாக இருந்தது. அந்த நாலு விரல் கனப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தாள். அட்டையில் செருப்புக்கால் தடம் அப்படியே இருந்தது. முதல் பக்கம் மட்டும் கிழியாமல் இருந்தது.

என்னை அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்று நினைத்தேன். ரூல்தடியை எடுத்து அவள் பக்கமாக நகர்த்திவைத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எழுதுக்கா" என்றாள்.

"இன்னாத்தைடி?"

"அந்தாளு பேரை. இந்தப் பொஸ்தகம் அந்தாளு குடுத்ததுன்னு எழுது. ஏட்டு பேருக்குக் கீழ."

"என்னால முடியாதுடி. உன் கால்ல விழறேன்."

"அன்னிக்கிச் சொன்னியே, நாலு தெருவுக்கும் கேக்கற மாதிரி. அப்ப முடிஞ்சுதே. இப்ப எழுது."

புது மைக்கூடு வாங்கவில்லை. உடைந்ததன் அடியில் ஒட்டியிருந்ததில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். பேனாவைத் தொட்டு அவன் பேரை எழுதினேன், தெருவை எழுதினேன், வீட்டு இலக்கத்தை எழுதினேன். சனியன் பிடித்த எழுத்து எப்போதும்போல முத்து முத்தாகவே விழுந்தது.

அவள் மை காய்கிறவரைக்கும் நின்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"கதை இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு" என்றாள். "அன்னிக்குக் காலைல வாசப்படி இறங்கும்போதுகூட அப்பால இன்னாச்சுன்னு கேட்டாரு. சாய்ங்காலம் வா, சொல்றேன்னேன்."

மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். புத்தகத்தை மூடி, அவளே கொண்டுபோய் மரப்பெட்டி அலமாரியில் பழைய இடத்தில் செருகிவிட்டுப் போனாள்.